மீனைக் காட்டிய பிறகே அடுப்பு!

சீனாவின் தென்மேற்கே சுங்கிங் என்று ஒரு பெரிய நகரம் இருக்கிறது. யாங்சி நதியும் சியாலிங் நதியும் கூடுகிற இடத்தில், மலைச் சரிவில் அடுக்கடுக்காகக் கட்டிய ஊர். இரண்டாவது உலக யுத்த காலத்தில் பத்திரிகை படித்த தலைமுறைக்கு அந்தப் பெயர் மனப்பாடம். சியாங் கே ஷேக்கின் சர்க்கார் அப்போது அங்கேதான் இருந்தது. இப்போது அந்த ஊரின் புகழ் யுத்தத்தால் வருவதல்ல, மீனால் வருவது. அதுவும் நாக்கைச் சுடும் காரமான மீனால்!

அங்கேயுள்ள மீன் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைகிறவரின் கண் முதலில் மேஜை நாற்காலியில் விழுவதில்லை. தண்ணீர்த் தொட்டியில் விழுகிறது. தொட்டிக்குள் கெண்டையும், விராலும், கெளுத்தியும் வாலை ஆட்டிக்கொண்டு நீந்துகின்றன. வந்தவர் விரலை நீட்டி, "அந்த மீன்" என்கிறார். கடைக்காரர் அதை வலையால் அள்ளித் தராசில் போடுகிறார். 'ஜின்' என்பது அங்கே அரைக் கிலோ. எத்தனை ஜின், என்ன விலை என்று சொல்லி, துள்ளுகிற மீனை வந்தவர் கண்ணுக்கு நேரே காட்டுகிறார். வந்தவர் தலையை அசைத்த பிறகுதான் மீன் சமையற்கட்டுக்குள் போகிறது.

பெண் பார்க்கும் சம்பிரதாயம் மாதிரி இதென்ன மீன் பார்க்கும் சம்பிரதாயம் என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் அந்தக் கடையின் கௌரவம் முழுவதும் அந்த ஒரு நிமிஷத்தில் இருக்கிறது. மிளகாய் எத்தனை போட்டார்கள், எண்ணெய் எவ்வளவு ஊற்றினார்கள் என்பதெல்லாம் பிறகு. "இதோ பாருங்கள், மீன் உயிரோடு இருக்கிறது" என்று சொல்லத் தெரிந்தவனுக்கே அந்த ஊரில் மீன் கடை வைக்கும் துணிச்சல் வரும்.

நம் செட்டிநாட்டுக்கு இந்தச் சங்கதி ஏன் என்று கேட்கலாம். கல்லலில் சுங்கிங் கடை ஏதும் இல்லைதான். இருந்தாலும், காரமும் மீனும் சேர்ந்தால் எப்படி இருக்க வேண்டும் என்று உலகத்துக்குச் சொல்லிக் கொடுக்கக் கூடிய இரண்டு மூன்று சீமைகளில் செட்டிநாடும் ஒன்று. அந்தச் சீமை தனக்குத் தெரிந்த பாடத்தையே மறந்துகொண்டு வருகிறதோ என்ற கவலைதான் இந்தப் பேச்சுக்குக் காரணம்.

பெயரோ தண்ணீர், உள்ளே நெருப்பு

சுங்கிங் மீன்களில் பேர் போனது 'சுவெய்ச்சு யூ'. வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் சொன்னால் 'தண்ணீரில் வேகவைத்த மீன்'. பெயரைக் கேட்டால் நோயாளிக்குக் கொடுக்கிற பத்தியச் சாப்பாடு என்று தோன்றும். மேஜைக்கு வந்ததும் திகைப்பு! ஒரு பெரிய கிண்ணம். அதன் மேலே சிவப்பு மிளகாய் மிதக்கிறது. கீழே எண்ணெய் தளதளக்கிறது. மீன் எங்கே என்று கரண்டி விட்டுத் தேட வேண்டியிருக்கிறது.

சமைக்கிற விதத்தில் கைவண்ணம் இருக்கிறது. முதலில் மீனின் தலையையும் நடு முள்ளையும் தனியே எடுத்துவிடுகிறார்கள். சதையைத் தாமரை இதழ் மாதிரி மெல்லிய வில்லைகளாகச் சீவுகிறார்கள். முட்டை வெண்கருவும் கொஞ்சம் மாவும் உப்பும் சேர்த்துப் பிசறி வைக்கிறார்கள். தலையும் முள்ளும் கொதித்துச் சாறு இறங்கிய பிறகே சதை வில்லைகளை அதில் போடுகிறார்கள். வெளுத்து நிமிர்ந்தால் போதும். உடனே எடுத்துவிட வேண்டும். கிண்ணத்தின் அடியில் முளைகட்டிய பயறு, அதன் மேல் மீன், மீனின் மேல் வறமிளகாயும் சீனத்து மிளகும். கடைசியில் புகையக் காய்ந்த எண்ணெயைச் சுர்ரென்று மேலே ஊற்றுகிறார்கள். அந்த ஓசையும் வாசனையும் சேர்ந்துதான் பசியைக் கிளப்புகின்றன.

சாப்பிடுவதற்கும் முறை இருக்கிறது. மேலே மிதக்கும் மிளகாயைக் கரண்டியால் அரித்து ஒதுக்கிவிட வேண்டும். அது தின்பதற்கு அல்ல. எண்ணெயையும் குடிக்கக் கூடாது. மீன் வில்லையைக் குச்சியால் எடுத்து, எண்ணெயை வடியவிட்டு, வெறும் சோற்றோடு சாப்பிட வேண்டும். முதலில் காரம் சுடும். அடுத்து உதடு மரத்துப் போகும்.

இந்த மரத்துப் போகிற வேலையைச் செய்வது சீனத்து மிளகு. நம் மிளகுக்கும் அதற்கும் ஜாதி வேறு. அது எலுமிச்சைக் குடும்பத்துச் செடியின் காய். அதன் நெருங்கிய சொந்தம் கொங்கணக் கடற்கரையில் 'திர்பல்' என்ற பெயரில் இன்றும் மீன் குழம்பில் விழுகிறது. அந்த மிளகு உதட்டில் பட்டால் உண்டாகும் துடிப்பு நொடிக்கு சுமார் 50 தடவை அதிர்வதற்குச் சமம் என்று லண்டன் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் கண்டு சொன்னார்கள்.

அங்கே இன்னொரு நுணுக்கமும் உண்டு. மிளகாயின் காரச் சத்து தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். அதனால்தான் காரம் ஏறியவர்கள் எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தாலும் எரிச்சல் அடங்குவதில்லை. ஒரு வாய் மோரில் அடங்குகிறது. சுங்கிங் சமையற்காரரின் எண்ணெய் மிளகாயிலிருந்து மணத்தையும் காரத்தையும் இழுத்து மீனின் மேலே ஒரு போர்வையாகப் போர்த்துகிறது. போர்வைக்கு உள்ளே மீன் தன் சொந்த இனிப்போடு அப்படியே இருக்கிறது. காரம் ஒரு பக்கம், மீனின் ருசி ஒரு பக்கம். இரண்டும் ஒன்றையொன்று விழுங்குவதில்லை. மீன் புத்தம் புதியதாக இல்லாவிட்டால் இந்த வித்தை பலிக்காது. மெல்லச் சீவிய வில்லை பழைய மீனாக இருந்தால் கொதிநீரில் பட்டதும் உதிர்ந்து கூழாகிவிடும்.

பக்கத்து மாகாணமான ஹுனானிலும் இதே கதை. தலை பெருத்த கெண்டையின் தலையை இரண்டாகப் பிளந்து விரித்து, உப்பில் ஊறிய மிளகாயைக் கொத்தி அதன் மேல் பரப்பி, ஆவியில் வேகவைக்கிறார்கள். ஆவியில் வெந்த மீன் தலை எதையும் மறைக்காது. கெட்டிருந்தால் முதல் வாயிலேயே காட்டிக் கொடுத்துவிடும்.

இரண்டு நாட்டுக்கும் ஒரே விருந்தாளி

காரம் என்றாலே அது தங்கள் பாட்டன் சொத்து என்று சுங்கிங்காரரும் நினைக்கிறார்; செட்டிநாட்டுக்காரரும் நினைக்கிறார். இரண்டு பேருக்கும் மிளகாய் வெளியூர் விருந்தாளிதான். அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. கொலம்பஸ் 1492-ல் அங்கே போன பிறகே மற்ற உலகத்துக்கு அதன் முகம் தெரிந்தது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. சீனத்தில் 1591-ம் ஆண்டுப் புத்தகம் ஒன்றில் முதன்முதலாகப் பதிவாகியிருக்கிறது. அதுவும் அழகுக்கு வளர்க்கிற செடியாக! சமையலுக்கு வந்து மேற்குச் சீனத்து மலை ஜனங்களின் அன்றாட உணவாக ஆனது பிந்தித்தான்.

வந்த விருந்தாளிக்கு இரண்டு ஜனங்களும் பெயர் வைத்த விதத்தைப் பார்க்க வேண்டும். தமிழர்களுக்கு அதுவரை காரம் கொடுத்தது மிளகு. புதிதாக வந்த காய்க்கு மிளகு போன்ற காய் என்று 'மிளகாய்' என்றார்கள். சீனருக்கு அதுவரை காரம் கொடுத்தது அவர்கள் ஊர் 'ஜியாவ்', அதாவது மேலே சொன்ன சீனத்து மிளகு. புதிய காய்க்கு 'லா ஜியாவ்', உறைக்கிற ஜியாவ் என்று பெயர் வைத்தார்கள். நம் மிளகுக்கு ஏற்கெனவே அவர்கள் 'ஹு ஜியாவ்', அந்நிய தேசத்து ஜியாவ் என்று பெயரிட்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கான மைல் தள்ளியிருந்த இரண்டு அடுப்படிகளில் ஒரே யோசனை!

இந்த இரண்டு ஜனங்களுக்கும் பழக்கம் புதிதல்ல. சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. நம் வீட்டுச் சீனச்சட்டி பெயரிலேயே ஊரைச் சுமந்துகொண்டிருக்கிறது. செட்டிநாட்டு மசாலாவுக்கு மணம் கொடுக்கும் அன்னாசிப்பூ தென்சீனத்திலும் வட வியட்நாமிலும் விளைகிற சரக்கு. கொண்டுவிற்கப் போன நகரத்தார்கள் பர்மா, மலாயா, சைகோன் என்று எங்கே கடை வைத்தார்களோ அங்கெல்லாம் அடுத்த கடை சீனருடையதாக இருந்தது. 1859-ல் சிங்கப்பூர் டாங்க் ரோடில் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பியவர்களின் வாரிசுகளுக்குச் சீனத்துச் சமையல் வாசனை தெரியாமல் இருந்திருக்க முடியாது.

அந்தச் சிங்கப்பூரிலேயே ஒரு நல்ல சாட்சியம் இருக்கிறது. 1949-ல் கேரளத்தைச் சேர்ந்த எம்.ஜே. கோமஸ் என்பவர் சோபியா ரோடில் ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். மீன் தலையைச் சீனர்கள் விரும்பிச் சாப்பிடுவதைக் கவனித்து, பெரிய மீன் தலையை நம் பக்கத்துக் குழம்பில் போட்டு விற்றார். கூட்டம் அலைமோதியது. சீனக் கடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? தாங்களும் புளியைக் கரைத்துத் தங்கள் கைப்பாகத்தில் மீன்தலைக் குழம்பு வைத்தார்கள். 1969-ல் தொடங்கிய 'முத்துஸ் கறி' என்ற தமிழர் கடை அதே குழம்பால் பேர் வாங்கியது. இன்று சிங்கப்பூரின் தேசியப் பலகாரம் எது என்று கேட்டால் பட்டியலில் மீன்தலைக் குழம்பும் இருக்கும். நம்மவர் குழம்பும் சீனர் ருசியும் சேர்ந்து பெற்ற பிள்ளை அது.

இங்கே விற்கிற 'செஸ்வான்'

இப்படிப்பட்ட உறவு இருந்தும், தமிழ்நாட்டுக் கடைவீதிகளுக்குச் சீனத்துச் சமையல் என்ற பெயரில் வந்து சேர்ந்தது என்ன? பம்பாய் தாஜ்மகால் ஓட்டலில் 1973-ல் 'கோல்டன் டிராகன்' என்ற சீன உணவகம் திறந்தார்கள். சுங்கிங் அப்போது சேர்ந்திருந்த சிச்சுவான் மாகாணத்துக் காரச் சமையல் அதன் மூலமாக நம் நாட்டில் பிரபலமாயிற்று. 1975-ல் பம்பாய் கிரிக்கெட் கிளப்பில் நெல்சன் வாங் என்ற கல்கத்தாச் சீனர் பூண்டும் இஞ்சியும் பச்சை மிளகாயும் சோயாச் சாறும் சேர்த்து ஒரு கோழிக் கறி செய்து அதற்கு 'மஞ்சூரியன்' என்று பெயர் வைத்தார். மஞ்சூரியாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை! அங்கிருந்து இறங்கி இறங்கி, சிச்சுவான் 'செஸ்வான்' ஆயிற்று. கோழி காலிபிளவர் ஆயிற்று. கடைசியில் தள்ளுவண்டிக்கும் வந்து சேர்ந்தது.

தள்ளுவண்டிக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. உழைத்துப் பிழைக்கிற மனிதர். சாயந்திர வேளையில் பையன்கள் கூட்டமாக நின்று ருசித்துச் சாப்பிடுகிறார்கள், சாப்பிடட்டும். ஆனால் அந்த 'செஸ்வான்' சாறில் சீனத்து மிளகு இல்லை என்பதையும், அதை நம்பி நிற்கிற மீன் இல்லை என்பதையும் தெரிந்துகொண்டு சாப்பிட வேண்டும். சிச்சுவானிலிருந்து வந்தது சிவப்பு நிறம் மட்டும். தண்ணீர்த் தொட்டி வரவில்லை. மீனைக் காட்டுகிற பழக்கம் வரவில்லை.

இதைவிட வருத்தமான சங்கதி வேறு. 'செட்டிநாடு' என்ற நம் பெயருக்கும் அதே கதிதான் நடந்துகொண்டிருக்கிறது. சென்னையிலும் டில்லியிலும் துபாயிலும் செட்டிநாட்டு மீன் குழம்பு, செட்டிநாட்டு மீன் வறுவல் என்று பலகை தொங்குகிறது. உள்ளே போனால் என்ன? கண்ணாடிப் பெட்டிக்குள் மசாலா தடவிய மீன் துண்டுகள் செக்கச் செவேலென்று அடுக்கியிருக்கின்றன. அது என்ன மீன், எந்த ஊர் மீன், எப்போது பிடித்த மீன் என்று கேட்டால் பரிமாறுகிறவருக்கே தெரியாது. மசாலாவின் சிவப்புக்குப் பின்னால் மீனின் கண்ணும் தெரியாது, செவுளும் தெரியாது.

கர்நாடக அரசு 2024 ஜூன் மாதம் கோழி, மீன் கபாப்களில் செயற்கைச் சாயம் கலக்கக் கூடாது என்று தடை போட வேண்டியிருந்தது. 2018-ல் கேரளத்து அதிகாரிகள் பார்மலின் தடவிய மீனை டன் கணக்கில் பிடித்தார்கள். பிணத்தைக் கெடாமல் வைக்கிற திரவம் அது! ஐஸ் பெட்டியில் நாள் கணக்காகப் பிரயாணம் செய்த மீனுக்கு ஒரு முகமூடி தேவைப்படுகிறது. அந்த முகமூடி வேலையைக் காரத்துக்குக் கொடுத்துவிட்டோம். கைகொடுக்க வந்த மிளகாயைத் திருட்டுக்கு உடந்தையாக ஆக்கிவிட்டோம்.

கண்மாயில் இருந்த பாடம்

கல்லலில் கடல் இல்லை. தொண்டிக் கடற்கரைக்குச் சாலை வழியே ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் போக வேண்டும். ஐஸ் பெட்டியும் வேனும் இல்லாத காலத்தில் அந்தத் தூரம் பெரிய தூரம். கடலிலிருந்து இந்தச் சீமைக்கு வந்ததில் பெரும்பங்கு கருவாடு. உயிர் மீன் வேண்டுமென்றால் கண்மாய்தான்.

கண்மாய் மீனின் பெருமை என்ன? விரால் மீன் காற்றைச் சுவாசிக்கக் கூடியது. தண்ணீரை விட்டு வெளியே எடுத்தாலும் நெடுநேரம் உயிரோடு இருக்கும். கூடையில் சுமந்து வந்து வாசலில் இறக்கினாலும் துள்ளும். அயிரையோ தண்ணீரோடு சட்டியில் வந்து சேரும். உயிரோடு இல்லாத அயிரையை மதுரை, சிவகங்கைப் பக்கத்துப் பெண்கள் ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள். "ஏன் ஆத்தா, துடிக்குதா?" என்று கேட்டு, சட்டிக்குள் விரல் விட்டுப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். சுங்கிங் கடையில் தொட்டி. நம் வாசலில் சட்டி. மீனைக் காட்டி விற்கிற சம்பிரதாயம் சீனத்திலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியதல்ல. நம் வீட்டு வாசலில் இருந்ததுதான்.

கோடையில் தண்ணீர் வற்றியதும் சிங்கம்புணரி, திருப்பத்தூர் வட்டாரக் கண்மாய்களில் மீன்பிடித் திருவிழா நடக்கிறதே, அதையும் நினைத்துப் பார்க்கலாம். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுகிறார். ஊத்தாவும் கச்சாவும் வலையுமாகச் சுற்றுப்பட்டு ஜனங்கள் ஒரே பாய்ச்சலில் உள்ளே இறங்குகிறார்கள். விராலும் கெண்டையும் கெளுத்தியும் குரவையும் அகப்படுகின்றன. அன்று மத்தியானம் அந்த ஊர்களில் மீன் குழம்பு மணக்காத வீடு கிடையாது. காலையில் நீந்திய மீன் மத்தியானம் இலையில்! சுங்கிங் நகரத்து மிகச் சிறந்த கடைக்கும் இதைவிட ஒரு படி மேலே போக முடியாது.

இன்னொரு ஆச்சரியமும் உண்டு. சுவெய்ச்சு யூ சமைக்க அங்கே பெரும்பாலும் எடுக்கிற மீன் புல்கெண்டை. அந்தப் புல்கெண்டையை 1959-ல் ஹாங்காங்கிலிருந்து ஒடிசாவின் கட்டாக் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு ஜப்பானிலிருந்து வெள்ளிக்கெண்டையும் வந்தது. பிறகு நம் நாட்டு மீன் வளர்ப்பில் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளோடு புல்கெண்டைக் குஞ்சும் சேர்ந்துகொண்டது. ஆக, சீனத்துச் சமையற்காரர் தொட்டியில் காட்டுகிற அதே மீன், புல்லைத் தின்றுகொண்டு நம் குளங்களிலும் வளர்கிறது. அவர்கள் விரும்புகிற இன்னொரு மீனான விராலோ காலம் காலமாகக் கண்மாயில் இருக்கிறது. மிளகாய்க்கும் பஞ்சமில்லை. பக்கத்து ராமநாதபுரத்து முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. மீன் இருக்கிறது, மிளகாய் இருக்கிறது, கைப்பக்குவமும் இருக்கிறது. காட்டி விற்கிற கடைதான் இல்லை!

சேற்று வாடையும் பழைய குழம்பும்

ஆட்சேபணை சொல்கிறவர்கள் இருப்பார்கள். முதல் ஆட்சேபணை, "கண்மாய் மீனில் சேற்று வாடை அடிக்கும்" என்பது. உண்மைதான். அந்த வாடைக்குக் காரணம் தண்ணீரில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள். முதல் மழை விழுந்ததும் மண்ணிலிருந்து கிளம்புகிற வாசனையிலும் அதே ஜியோஸ்மின்தான் இருக்கிறது. மூக்குக்குச் சுகமாக இருப்பது நாக்குக்குச் சுகமாக இல்லை, அவ்வளவுதான். புளிப்புப் பட்டால் ஜியோஸ்மின் சிதைந்து வாடை போய்விடும். நம் ஆத்தாக்கள் இரசாயனம் படிக்காமலே கண்மாய் மீனுக்குப் புளியைக் கெட்டியாகக் கரைத்தார்கள். மீனைக் கல் உப்புப் போட்டு உரசி உரசிக் கழுவினார்கள். அயிரையைப் பாலில் விட்டு, குடித்த சேற்றைக் கக்க வைத்தார்கள். சீனத்திலும் வழி இதுதான். புளிக்க வைத்த கடுகுக் கீரையைப் போட்டு விரால் சமைக்கிறார்கள். சமைப்பதற்கு முன் நல்ல தண்ணீர்த் தொட்டியில் விட்டு வைக்கிறார்கள். சேற்று வாடைக்குப் பரிகாரம் உண்டு. செத்து நாலு நாள் ஆன வாடைக்குப் பரிகாரம் கிடையாது; மூடிதான் உண்டு.

இரண்டாவது ஆட்சேபணை ருசி அறிந்தவர்களிடமிருந்து வரும். "மீன் குழம்பு மறுநாள்தானே ருசி? புதிய மீன் புதிய மீன் என்று என்ன கூப்பாடு?" என்பார்கள். மறுநாள் குழம்பின் ருசியை யார் மறுக்க முடியும்? சின்ன வெங்காயமும் பூண்டும் நல்லெண்ணெயில் கரைந்து, புளியும் காரமும் மீனுக்குள் இறங்கி, காலையில் பழைய சோற்றுக்கு அது அமிர்தம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நேற்று வைத்த குழம்பு ருசிக்கும். முந்தாநாள் செத்த மீன் ருசிக்காது. புது மீனைப் போட்டு வைத்த குழம்புதான் மறுநாள் வரை தாங்கும். பழைய குழம்பின் பெருமைக்கு அஸ்திவாரமே புது மீன்.

மூன்றாவது, காரம் உடம்புக்கு ஆகாது என்பது. ஆகாதவர்களுக்கு ஆகாதுதான். வயிற்றுக் கோளாறு உள்ளவர்கள் டாக்டர் சொல்கிறபடி நடக்கட்டும். சுங்கிங்காரர் மிளகாயை அள்ளிக் கொட்டினாலும் அதை ஒதுக்கிவிட்டு மீனைத்தான் சாப்பிடுகிறார். செட்டிநாட்டுச் சமையலிலும் காரம் மட்டுமே பிரதானம் என்று நினைப்பது வெளியூர்க்காரர் கட்டிய கதை. சோம்பும் கல்பாசியும் மராட்டி மொக்கும் எதற்கு? மணத்துக்குத்தானே! வியர்க்க வைப்பது வித்தை அல்ல. வியர்த்த பிறகும் இன்னொரு துண்டு மீன் கேட்க வைப்பதே வித்தை.

கேட்க வேண்டியது வாடிக்கையாளர்

இதில் நாக்கு ருசியைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. கண்மாயின் பிழைப்பு! கண்மாய் மீனை ஊர் ஜனங்கள் விரும்பிக் கேட்டு வாங்குகிற வரையில்தான் கண்மாய்க்கு ஊரில் மதிப்பு. வரத்துக் கால்வாய் தூர்ந்து போனால் நாலு பேர் கேள்வி கேட்பார்கள். சீமைக்கருவேலம் கரையேறினால் கடப்பாரையோடு போவார்கள். வீட்டுக் குழம்புக்கும் கண்மாய்க்கும் தொடர்பு அறுந்துவிட்டால், மீன்பாசி ஏலம் எடுத்தவர் பாடு, ஏலம் விட்டவர் பாடு என்று ஜனங்கள் ஒதுங்கிவிடுவார்கள். அப்புறம் மீனும் போகும். மீனைத் தொடர்ந்து தண்ணீரும் போகும். விவசாயிக்கு வேண்டிய தண்ணீரை மீன் குழம்பு காப்பாற்றுகிறது என்றால் சிரிப்பு வரலாம். ஆனால் வருஷத்துக்கு ஒரு நாள் மீனுக்காகக் கண்மாய்க்குள் இறங்குகிற ஊர், அந்தக் கண்மாயில் எவ்வளவு மண் மேடிட்டிருக்கிறது என்பதைக் காலால் தெரிந்துகொள்கிறது.

காரைக்குடி அரண்மனை வீடுகளைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஜனங்கள் வருகிறார்கள். வருகிறவர்கள் செட்டிநாட்டுச் சாப்பாடு கேட்கிறார்கள். அவர்களுக்கு எங்கோ பிடித்து ஐஸில் உறைந்த மீனை எதற்காகப் போட வேண்டும்? கல்லலுக்கோ, காரைக்குடிக்கோ, தேவகோட்டைக்கோ ஒரு மீன் கடை வரட்டும். வாசலில் ஒரு தண்ணீர்த் தொட்டி வைக்கட்டும். விராலும் கெளுத்தியும் புல்கெண்டையும் அதில் நீந்தட்டும். எந்தக் கண்மாய் மீன், இன்றைக்கு என்ன விலை என்று ஒரு பலகையில் சாக்கட்டியால் எழுதட்டும். வந்தவர் கைகாட்டிய மீனை அவர் கண் முன்னே நிறுத்துப் போட்டு, நம் பக்கத்துக் குழம்பாகவோ வறுவலாகவோ ஆக்கித் தரட்டும். விருப்பமுள்ளவருக்குச் சுங்கிங் முறையில் மிளகாய் எண்ணெய் ஊற்றியும் தரட்டும். மழை பொய்த்த காலத்தில் கண்மாயில் மீன் இல்லையென்றால், "இன்றைக்கு மீன் இல்லை" என்று எழுதி வைக்கட்டும். அப்படி எழுதத் துணிந்த கடையை நம்பி ஜனங்கள் மறுநாளும் வருவார்கள்.

கடைக்காரர் தாமாக இதைச் செய்வார் என்று காத்திருக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளர் கேட்டால் கடைக்காரர் செய்வார். ஜவுளிக் கடையில் புடைவையை விரித்துக் காட்டச் சொல்கிறோம். கத்தரிக்காய் வாங்கினால் காம்பைத் திருப்பிப் பார்க்கிறோம். தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கிறோம். ஓட்டலில் மீன் என்றதும் மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்? "மீனைக் கொஞ்சம் காட்டுங்கள்" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கண் பளபளவென்று இருக்கிறதா, செவுள் சிவந்திருக்கிறதா, விரலால் அழுத்தினால் சதை மேலே எழும்புகிறதா என்று பார்க்க ஒரு நிமிஷம் போதும். நல்ல மீன் வைத்திருக்கிறவர் சந்தோஷமாகக் காட்டுவார். காட்டத் தயங்குகிறவரிடம் கறிக்குழம்போ ரசமோ வாங்கிச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வரலாம்.

சீன மொழியில் மீனுக்கு 'யூ' என்று பெயர். மிச்சம் என்பதற்கும் அதே ஒலிதான். அதனால் புது வருஷ விருந்தில் மீனைக் கொஞ்சம் மீதி வைப்பார்கள். வரும் ஆண்டிலும் வீட்டில் செல்வம் மிஞ்ச வேண்டும் என்ற நம்பிக்கை. கல்லல் சீமையிலும் வரப்போகிற தலைமுறைக்குக் கொஞ்சம் மிஞ்ச வேண்டும். கண்மாயில் தண்ணீர், தண்ணீரில் விரால், விராலைப் பார்த்ததும் நல்லது கெட்டது சொல்லத் தெரிந்த கண் ஆகிய மூன்றும் மிஞ்சினால், அரைக்கிற மிளகாய்க்கும் ஒரு அர்த்தம் இருக்கும்.